முன்பு வளர்த்த நாய்

பதினொரு மணிக்குத்தான் வாகனம் வரும் என்று காலை ஆறு மணிக்கே கைபேசிக்குச் செய்தி வந்துவிட்டது. அப்படியிருந்தும் எட்டரைக்கே வந்து நிற்கிறேன். ஜேர்மனிக்குள் நுழைகிற பசாவ் எல்லையில் பொலிஸ் மறித்து வாகனத்திலிருந்த ஒவ்வொரு நாயின் கடவுச்சீட்டையும் பார்த்ததாம், எல்லாம் ஒழுங்காக இருந்ததாம், ஆனால் இரண்டு மணித்தியாலம் பிந்திவிட்டதாம். வீட்டில் இருந்திருக்கலாம். இருந்து என்ன செய்வது. தேத்தண்ணி குடித்தாயிற்று, குப்பை கொண்டுபோய்ப் போட்டாயிற்று, நாய்க்கென்று வாங்கிய மெத்தையை ஹோலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கும் அங்கிருந்து திரும்ப இந்த மூலைக்கும் மூன்று தரம் மாற்றியாயிற்று. நாலாவது தரம் குனிந்தபோது, இனிமேல் இங்கே நின்றால் மெத்தையை மறைத்து வைத்துவிடுவேன், வாகனக்காரருக்கு வேண்டாம் என்று செய்தி அனுப்பிவிடுவேன் என்று பயமாக இருந்தது. அதனால்தான் வெளிக்கிட்டு வந்தேன். நெடுஞ்சாலை இறக்கத்தில் தளபாடக் கடையொன்றின் கார் நிறுத்துமிடம். கடை பத்து மணிக்குத் திறக்கும். ஒரு மனிதர் இல்லை. தூறல். கண்ணாடியைத் துடைக்கும் தடியைப் போடுவதா விடுவதா என்று தெரியாத அளவுக்குத்தான் தூறல். பக்கத்து இருக்கையில் பை இருக்கிறது. பைக்குள் மார்புப்பட்டி, இரண்டு கயிறு, பழைய போர்வை, ஈரல் இறைச்சிப் பசை ஒரு குழாய். மணமான தின்பண்டம் ஏதாவது கொண்டுவாருங்கள், பயந்த நாய்க்கு மூக்குத்தான் முதலில் திறக்கும் என்று நாய் தருகிற அமைப்பின் ஹெல்கா சொல்லியிருந்தாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. முப்பது வருசமாக வெள்ளிக்கிழமையில் முட்டைகூடத் தொடாதவள் கைப்பையில் மாட்டு ஈரலோ பன்றி ஈரலோ, எதுவென்று எழுத்துப் பார்த்து வாங்கவில்லை. சாமியறைக் கதவை மூடிவிட்டு வந்தேன். மூடினால் சரியாகிவிடுமா. சாமிக்குத் தெரியாததா.

அந்த வீட்டில் என்னுடைய சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை என்பது இவர், என் மனுசன், செத்து எட்டாம் மாதம்தான் எனக்குத் தெரிய வந்தது. அதுவரைக்கும் ஆட்கள் வந்துபோனார்கள், முப்பத்தோராம் நாள் சடங்கு, கடுதாசிகள், காப்புறுதி, மருத்துவமனை திருப்பி அனுப்பிய உடுப்புப் பை. எட்டாம் மாதம் ஒருநாள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது குளிர்ப்பெட்டி நின்றது. அது ஓடிக்கொண்டிருக்கும்வரை அது ஓடுகிறது என்று தெரியவில்லை, நின்ற பிறகுதான் தெரிந்தது. அது திரும்ப ஓடத் தொடங்கும்வரைக்கும் ஒற்றைச் சப்பாத்தோடு அப்படியே நின்றேன். சிவபாதம் என்கிற என் மனுசன் பெரிதாகக் கதைக்கிற ஆளுமில்லை. இருமுவார். பத்திரிகையை மடிப்பார். ஒரு நாளைக்கு மொத்தம் முப்பது வார்த்தை பேசியிருப்பார், அதில் பத்து, தேத்தண்ணி பற்றியது. அந்த முப்பது வார்த்தை இல்லாமல் மூன்றாம் மாடியில் இவ்வளவு பெரிய இடம் காலியாகும் என்று யார் நினைத்தது. முதியோர் இல்லத்துக் குசினியில் என்னோடு உருளைக்கிழங்கு சீவுகிற டானியேலாதான் தன் கைபேசியைக் காட்டினாள். "பாருங்கள் பவளம், எவ்வளவு பாவம்" என்று விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினாள். ருமேனியாவில் ஒரு காப்பகம், கம்பி வலைக்குப் பின்னால் நாய், நாய், நாய். நான் பார்க்காமல்தான் பார்த்தேன். சில நாய்கள் வலையில் முன்னங்காலை வைத்து நின்றன, சில வாயைத் திறந்து சிரிக்கிற மாதிரி நின்றன. ஒன்று மட்டும் படமெடுத்தவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தலையை மட்டும் பாதி திருப்பியிருந்தது. மண்ணிறம், ஒரு காது மடிந்தது. கீழே எழுதியிருந்ததை டானியேலா வாசித்தாள். நேலா, பெண், நாலு வயசிருக்கலாம், ஆட்கள் வெளிக்கிட்டுப் போன ஒரு வீட்டின் பின்வளவில் சங்கிலியோடு கண்டெடுக்கப்பட்டது. கையிலிருந்த கிழங்கு தண்ணீருக்குள் விழுந்தது. "திரும்ப வாசி" என்றேன். அவள் திரும்ப வாசித்தாள். எத்தனை நாளுக்குப் பிறகு கண்டெடுத்தார்கள் என்று எழுதவில்லை. அன்றைக்கு முழுக்க அதைத்தான் யோசித்தேன். எத்தனை நாள்.

ஒன்பது ஐந்து. ஒரு சிவப்புக் கார் வந்து தள்ளி நிற்கிறது, உள்ளே ஆணும் பெண்ணுமாக இரண்டு இளம் ஆட்கள். அவர்களும் நாய்க்குத்தான் வந்திருப்பார்கள், வேறெதற்கு இந்த நேரத்தில் இங்கே. என் மகள் ஆரணி ஹம்பேர்க்கில் இருக்கிறாள். சொன்னபோது முதலில் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை. "அம்மா, உங்களுக்கு என்ன விசரே. வாழ்க்கையில ஒருநாள் எண்டாலும் நாயை வீட்டுக்குள்ள விட்டிருக்கிறியளே. மூண்டாம் மாடி. ஐம்பத்தேழு வயசு. தனிய இருக்க ஏலாட்டி இஞ்சை வாங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்." போகலாம். அங்கே அவளுக்கு ஒரு அறை, ஒரு வரவேற்பறை. நான் வரவேற்பறையில் படுத்தால் அவள் விடிய வேலைக்குப் போகும்போது விளக்குப் போடாமல் சுவரைத் தடவிப் போவாள். ஒரு கிழமை பார்த்திருக்கிறேன். "தனிய இருக்க ஏலாமல் இல்லை பிள்ளை" என்றேன். "அப்ப ஏன்." ஊரில் வளர்த்த எங்கள் நாய் வீமனைப் பற்றிச் சொல்லவில்லை. அவளுக்கு வீமனை நினைவில்லை, அப்போது இரண்டு வயசு. வீமனின் வயிற்றில் தலை வைத்துப் படுத்துத்தான் பால் குடிப்பாள் என்று ஒருதரம் சொல்லியிருக்கிறேன். "பிறகு அந்த நாய் எங்கை" என்று கேட்டாள். சின்னப் பிள்ளை கேட்டால் எதையாவது சொல்கிறோம். "சித்தப்பா வீட்டை போயிட்டான்" என்றேன். பிறகு அதுவே உண்மையாகிவிட்டது. ஒரு பொய்யை ஒருதரம் சொன்னால் போதும், அதற்குப் பிறகு அது தன்பாட்டில் இருக்கும், யாரும் போய்த் தட்டிப் பார்ப்பதில்லை. இரண்டாவது பொய் ஹெல்காவுக்கு. நாய் கேட்டு எழுதினால் அவர்கள் முதலில் வீட்டைப் பார்க்க ஆள் அனுப்புவார்கள். ஹெல்கா வந்தாள், அறுபது வயசிருக்கும், கட்டை மயிர், சேறு படிந்த சப்பாத்து. பால்கனிக் கம்பியின் இடைவெளியை விரலால் அளந்தாள். நான் எத்தனை மணிக்கு வேலைக்குப் போவேன், அந்த நேரம் யார் பார்ப்பது, மாடிப்படி ஏற மறுத்தால் பன்னிரண்டு கிலோவைத் தூக்குவேனா. எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன், டானியேலாவோடு இரண்டு நாள் பாடமாக்கியது. பிறகு படிவத்தைப் புரட்டி, "முன்பு நாய் வளர்த்திருக்கிறீர்களா" என்றாள். "ஓம், ஊரில்." "அதற்கு என்ன நடந்தது?" பேனை காகிதத்துக்கு மேலே நின்றது. "வயசு போய்ச் செத்தது" என்றேன். அவள் எழுதினாள். வெறும் மூன்று சொல். எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்து, அதாவது கவலை தெரிவிக்கிற மாதிரி, தலையைச் சாய்த்தாள். அந்தச் சாய்ப்புத்தான் மூன்று கிழமையாக என்னோடு கூடவே வருகிறது.

மூன்று வயசு வீமனுக்கு. வயசு எங்கே போனது. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஒக்டோபர் முப்பதாம் திகதி பின்னேரம், யாழ்ப்பாணத்தில் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையால் ஒலிபெருக்கி போனது, ஆமி வருகிறது, எல்லோரும் உடனே வெளிக்கிடச் சொல்லி. மழை. என்ன எடுப்பது. பிள்ளையின் பால்மா, இரண்டு பாய், காணி உறுதி, இவருடைய அடையாள அட்டை, அரிசி. சைக்கிளில் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டிருந்தபோது வீமன் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான், எங்கேயோ போகப் போகிறோம் என்று அவனுக்குச் சந்தோசம். "அவனை அப்பிடியே விடும்" என்றார் இவர். "எங்கையாவது போய்ப் பிழைச்சுக்கொள்ளும்." நான்தான், "இஞ்சருங்கோ, அவன் பின்னால வந்திடுவான்" என்றேன். "உந்தச் சனத்துக்குள்ள ஆரின்ரையாவது சைக்கிளுக்குள்ள விழுந்து செத்துப்போவான். ரெண்டு நாள்தானே. கட்டிவிட்டு வாறன்" என்றதும் நான்தான். ரெண்டு நாள்தானே. எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், ஒழுங்கை முழுக்க அதே பேச்சு, நான் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. பின்பக்கக் கொட்டிலில் கட்டினேன். மழை படாத இடமாகப் பார்த்துக் கட்டினேன். நெருப்பில் இருந்த சோற்றைப் பானையோடு வைத்தேன், மீன் குழம்பை மேலே ஊற்றினேன், வாளி நிறையத் தண்ணீர். மூன்று நாளுக்குக் காணும் என்று கணக்குப் பார்த்தேன். ஒரு நாள் கூடவே வைத்தேன், அதை மறக்கக்கூடாது, இரண்டு நாள் என்று சொல்லிவிட்டு மூன்று நாளுக்கு வைத்தேன். சங்கிலியின் கொளுக்கியை நான்தான் மாட்டினேன். சரியாக மாட்டிவிட்டதா என்று இழுத்தும் பார்த்தேன். ஏன் இழுத்துப் பார்த்தேன். கொஞ்சம் தளர்வாக இருந்திருந்தால். நாங்கள் படலையைத் தாண்டும்போது அவன் குரைக்கவில்லை. சோறு தின்றுகொண்டிருந்தான். பானை நிலத்தில் உரசுகிற சத்தம் ஒழுங்கை வரைக்கும் கேட்டது, அவ்வளவு ஆசையாகத் தின்றான். பிறகு சனமெல்லாம் வெளியேறுகிற நாவற்குழிப் பாலம், முன்னால் முதுகு பின்னால் முதுகு, ஒரு அடி எடுத்து வைக்க அரைமணி, மேலே மழை. என் நெஞ்சோடு ஆரணி நித்திரை. பாலத்தில் நின்றபோது ஒரு மனிசி என் பக்கத்தில் கோழியொன்றைச் சட்டைக்குள் வைத்திருந்தாள். கோழியைக் கொண்டுவரலாமா, கொண்டுவரலாமென்றால் நாயை ஏன். அப்போதே திரும்பியிருக்கலாம். யாரும் திரும்பவில்லை. அந்தப் பாலத்தில் திரும்ப ஏலாது, அது உண்மை. ஆனால் நான் திரும்பப் பார்க்கவுமில்லை, ஒருவரிடமும் சொல்லவுமில்லை, நாய் கட்டியிருக்கிறது, யாராவது பின்னால் வருகிறவர்கள் அவிட்டுவிடுங்கோ என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருக்கலாம். இருபத்தொன்பது வருசமாக அந்த ஒரு வார்த்தையை விதம் விதமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

கார்க் கண்ணாடியில் யாரோ தட்டுகிறார்கள். சிவப்புக் காரிலிருந்த பெண். கையில் கடதாசிக் குவளையில் கோப்பி, எனக்கும் ஒன்று. வாங்குகிறேன். "முதல் நாயா?" என்று கேட்கிறாள். "இந்த நாட்டில் முதல்." "எங்களுக்கும் முதல். எனக்குப் படபடப்பாக இருக்கிறது. அது ஆயிரத்து எண்ணூறு கிலோமீற்றர் கூட்டுக்குள் இருந்து வருகிறது, நினைத்துப் பாருங்கள்." நினைக்கிறேன். இவரும் அந்தப் பாதையால்தான் வந்தார். தொண்ணூற்றேழில், ருமேனியாவில் ஒரு வீட்டில் பதினொரு நாள், பிறகு பலகை ஏற்றிய லொறியில் பலகைக்கு நடுவே ஆறு பேர், கடவுச்சீட்டும் இல்லை ஒன்றுமில்லை. நேலாவின் கடவுச்சீட்டை எனக்குப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள், நீல நிறம், ஊசி போட்ட திகதிகள், கழுத்துத் தோலுக்குள் வைத்த அடையாளச் சிப்பின் இலக்கம். இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்லலாம், எனக்குத் தெரிந்த டொச்சு மொழி அவ்வளவு தூரம் போகாது, சொன்னாலும் அவள் கோப்பி ஆறிவிடும். "நல்ல நாயாக இருக்கும்" என்கிறேன். அவள் சிரித்துவிட்டுப் போகிறாள். கோப்பி இனிப்பில்லாமல் சுடுகிறது. லொறிக்கதை எனக்குச் சொன்னவர் இவர். எத்தனை பேர், என்ன பலகை, யார் மூச்சுத் திணறினான் எல்லாம் சொன்னவர். கொட்டிலுக்குள் என்ன கண்டார் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு, சித்திரை மாதக் கடைசியில், திரும்பிப் போனோம். படலை இல்லை, வளவு முழுக்க இடுப்பளவு புல். "நீர் பிள்ளையோட இஞ்சை நில்லும்" என்று சொல்லிவிட்டு அவர் பின்பக்கம் போனார். ஐந்து நிமிசமா, கால் மணியா. போன பக்கத்தால் வரவில்லை, மற்றப் பக்கத்தால் வந்தார், நேரே கிணற்றடிக்குப் போய் வாளியை விட்டார். முழங்கை வரை கழுவினார். காலைக் கழுவினார். திரும்பவும் கையைக் கழுவினார். "என்ன" என்றேன். "ஒண்டுமில்லை. ஆரோ அவிட்டு விட்டிருக்கினம்." அன்றைக்கு மத்தியானம் பசிக்கவில்லை என்றார். பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரரிடம் மண்வெட்டி வாங்கினார், வாய்க்கால் வெட்ட என்றார். அடுத்தநாள் போய்ப் பார்த்தேன், வாய்க்கால் உண்மையாகவே வெட்டப்பட்டிருந்தது. அதனால் எனக்கு ஒன்றும் தெரியாமல் போய்விட்டது. கொட்டில் பக்கம் நான் போகவில்லை. போயிருக்கலாம், இருபது அடி. அங்கே இருந்த மிச்ச வருசம் முழுக்க அந்த இருபது அடியை நடக்கவில்லை.

ஒருவேளை உண்மையாகவே யாரோ அவிட்டு விட்டிருப்பார்கள். ஏன் கூடாது. போக மாட்டோம் என்று நின்ற கிழடுகள் சிலர் இருந்தார்கள், அவர்களில் ஒருவர் சத்தம் கேட்டு வந்திருப்பார், கொளுக்கியைக் கழற்றியிருப்பார், வீமன் ஒழுங்கையால் ஓடி, நாவற்குழி வரை ஓடி, எங்களைத் தேடி. இல்லை, தேட வேண்டாம். எங்கேயோ ஓடி, யாரோ சோறு வைத்து. இப்படி ஒரு பக்கம் போகும். பிறகு முழங்கை வரை கழுவிய கை வரும். இவர் ஆஸ்பத்திரியில் இருந்தது இருபத்திரண்டு நாள். சுவாசப்பை. பத்தொன்பதாம் நாள் பின்னேரம் நல்ல தெளிவாக இருந்தார், ஒட்சிசன் குழாயோடு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில். இப்போது கேட்காவிட்டால் எப்போது கேட்பது என்று நினைத்தேன். "இஞ்சருங்கோ" என்றேன். திரும்பினார். எனக்குத் தெரியும், அவருக்கு விளங்கிவிட்டது, எந்தக் கேள்வி என்று விளங்கிவிட்டது, இத்தனை வருசம் பக்கத்தில் படுத்த ஆளுக்கு விளங்காதா. கண்ணைத் தாழ்த்தவில்லை. நான் கேட்டால் சொல்லியிருப்பார். "தண்ணி வேணுமே" என்றேன். "கொஞ்சம் தாரும்" என்றார். அவ்வளவுதான். அவர் என்னிடமிருந்து அதைக் காப்பாற்றினாரா, நான் அவரை அதைத் தனியே சுமக்கவிட்டேனா. உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரிந்த விசயம். இப்போது ஒருத்திதான் மிச்சம், அவளுக்கும் பாதிதான் தெரியும். தனிமை என்று எல்லோரும் சொல்வது வீட்டில் ஆள் இல்லாததை. எனக்கு இதுதான் தனிமை, இதை யாரோடு கதைப்பது.

பத்தரைக்கு ஹெல்கா வந்தாள். கையில் கோப்பு, கழுத்தில் விசில். சிவப்புக் கார்க்காரரிடம் போய்க் கையெழுத்து வாங்கிவிட்டு என்னிடம் வந்தாள். நான் காரை விட்டு இறங்கினேன். கார் மூடியின் மேல், தூறல் படாமல் குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு காகிதங்களை விரித்தாள். நாலு பக்க ஒப்பந்தம். கடைசிப் பக்கத்தில், படிவத்தில் சொன்ன விபரங்கள் எல்லாம் உண்மை என்று ஒரு வரி, அதற்குக் கீழே என் பெயர், பவளராணி சிவபாதம், ஒரு கோடு. பேனையைத் தந்தாள். கையெழுத்துத்தானே. இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து எத்தனை நூறு இடத்தில் வாசிக்காமல் போட்டிருப்பேன். பேனை காகிதத்தில் முட்டியது, ஒரு புள்ளி விழுந்தது, அதற்கு மேல் நகரவில்லை. "என்ன?" என்றாள். "இது உண்மையில்லை" என்றேன். "எது?" முதல் பக்கத்தைத் திருப்பி, விரலால் காட்டினேன். முன்பு வளர்த்த நாய். வயசு போய்ச் செத்தது. "வயசு போகவில்லை. நான் கட்டிவிட்டு வந்தேன். போர். எல்லோரும் போகச் சொன்னார்கள். நான் சங்கிலியால் கட்டிவிட்டு வந்தேன், திரும்பிப் போக ஆறு மாதம் ஆனது." டொச்சில் இதைச் சொல்வது லேசாக இருந்தது, அது பயமாக இருந்தது. தமிழில் என் வாயால் ஒருநாளும் வராத வசனம், பள்ளிக்கூடப் பாடம் மாதிரி ஒழுங்காக வந்து விழுந்தது. ஹெல்கா குடையை நிமிர்த்தினாள். காகிதத்தில் துளி விழுந்தது. "அதற்கு என்ன நடந்தது என்று தெரியுமா?" "என் கணவருக்குத் தெரியும்." "அவர்?" "செத்துவிட்டார்." ஹெல்கா காகிதத்தில் விழுந்த துளியை விரலால் ஒற்றினாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. உங்கள் பிழையில்லை என்று சொல்லவில்லை, அதைச் சொல்லியிருந்தால் நான் காரில் ஏறிப் போயிருப்பேன். "இதை உங்கள் வீட்டில் வைத்தே எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்" என்றாள். "ஓம்." "சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன்." "ஓம்." "இப்போதும் யோசிக்கிறேன்." தளபாடக் கடையின் கதவு தானாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. நான் வேறெங்கும் பார்க்காமல் அதையே பார்த்தேன். பிறகு அவள் பேனையை என் கையிலிருந்து எடுத்தாள், வயசு போய்ச் செத்தது என்பதை ஒரு கோட்டால் வெட்டினாள். "பெட்டி சின்னது. என்ன எழுத?" "கட்டிவிட்டு வந்தேன் என்று எழுதுங்கள்." எழுதினாள். "முதல் இரண்டு மாதம் கிழமைக்கு ஒருதரம் வருவேன். எப்போது வருவேன் என்று சொல்லமாட்டேன்." "வாருங்கள்." "இப்போது போடுங்கள் கையெழுத்தை." போட்டேன். என் பெயர் வேறு யாருடையதோ போல இருந்தது.

வாகனம் வெள்ளை, பின் கதவில் சேறு. திறந்தவுடன் மூத்திரமும் ஈர மயிரும் பயமும் சேர்ந்த ஒரு நாற்றம், அது எனக்குத் தெரிந்த நாற்றம், பாலம் தாண்டிப் போய்க் கொடிகாமத்துப் பள்ளிக்கூட வகுப்பறையில் எழுபது பேர் படுத்த நாற்றம். சிவப்புக் கார்க்காரரின் நாய் முதலில் வந்தது, குட்டி, வாலாட்டிக்கொண்டு வந்தது, அந்தப் பெண் அழுதாள். பிறகு சாரதி நேலா என்று கூப்பிட்டான். அவன் ருமேனியன், இரண்டு நாள் நித்திரையில்லாத கண். கூட்டைத் திறந்தான், ஒன்றும் வரவில்லை. குனிந்து பார்த்தேன். கூட்டின் பின்சுவரோடு ஒட்டி ஒரு மண்ணிற உருண்டை, முகம் மூலைக்குள். படத்தில் பார்த்த அதே முதுகு. அவன் உள்ளே கையை விட்டு, மெதுவாக, ஏதோ அவர்களுடைய பாசையில் சொல்லிக்கொண்டே தூக்கியெடுத்தான். அது கடிக்கவில்லை, முனகவில்லை, நாலு காலும் விறைத்துப்போய் அவன் கையில் ஒரு கதிரை மாதிரி இருந்தது. ஹெல்கா மார்புப்பட்டியை மாட்டினாள், கழுத்துப்பட்டியை மாட்டினாள். "கயிறு நீங்கள் மாட்ட வேண்டும்" என்றாள் என்னிடம். "ஒன்று கழுத்தில், ஒன்று மார்பில். மார்புக் கயிற்றின் மற்ற முனையை உங்கள் இடுப்பில் கட்டுங்கள். கையிலிருந்து நழுவும், இடுப்பிலிருந்து நழுவாது. போன மாதம் ஒன்று நழுவி நெடுஞ்சாலைக்கு ஓடியது. கட்டாவிட்டால் ஓடும், ஓடினால் சாகும்." கட்டாவிட்டால் ஓடும், ஓடினால் சாகும். நானும் இதைத்தான் சொன்னேன், சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று, மழைக்குள். கொளுக்கி கையில் இருக்கிறது. சின்ன வளையம், சின்ன நாக்கு, பெருவிரலால் தள்ளினால் திறக்கும். பெருவிரல் தள்ளமாட்டேன் என்கிறது. ஹெல்கா பார்த்துக்கொண்டு நிற்கிறாள், உதவி செய்யவில்லை. அவள் வேண்டுமென்றுதான் செய்யவில்லை என்று நினைக்கிறேன். நாயின் கழுத்து மயிருக்குள் விரலை விட்டேன், வளையத்தைத் தேட. மயிர் தேய்ந்து தோல் தடித்த ஒரு வளையம் கழுத்தைச் சுற்றி, பழைய சங்கிலி தின்ற இடம். அதைத் தொட்டவுடன் நாய் கண்ணை மூடியது. நான் மாட்டினேன். கழுத்தில் ஒன்று, மார்பில் ஒன்று. மார்புக் கயிற்றை என் குளிர்ச்சட்டைக்கு மேலால் இடுப்பைச் சுற்றி முடிச்சுப் போட்டேன், இழுத்துப் பார்த்தேன்.

சாரதி அதை நிலத்தில் விட்டான். விட்ட இடத்தில் அது படுத்துவிட்டது. தாடை தாரோடு ஒட்டி, கால்கள் வயிற்றுக்குள். என் கார் பத்து அடி தூரம். இழுக்கக்கூடாது, தூக்கலாம், ஆனால் அதற்கு நேரம் கொடுத்தால் நல்லது என்று ஹெல்கா சொன்னாள். சொல்லிவிட்டு என்னுடைய தோளைத் தொடவா விடவா என்று கை தூக்கி, விட்டுவிட்டு, அடுத்த நிறுத்தத்துக்கு வாகனத்தோடு போனாள். சிவப்புக் கார் போனது. தூறல் பிடித்துக்கொண்டது. ஈரல் பசையைக் குழாயிலிருந்து பிதுக்கி விரலில் வைத்து நீட்டினேன், மூக்குக்கூட அசையவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது, மேலேயிருந்து ஒரு ஆள் பார்ப்பது, அதற்கு எப்படியிருக்கும். நானும் நிலத்தில் இருந்தேன். ஈரம் பாவாடைக்குள் ஏறியது. இருந்த பிறகு அதனுடைய முதுகு மூச்சுக்கு ஏறி இறங்குவது தெரிந்தது, வேகமாக, மிக வேகமாக. நேலா என்று கூப்பிட வாயெடுத்தேன். அந்தப் பெயர் யாரோ படத்துக்குக் கீழே எழுத வைத்த பெயர், அதற்கே தெரியுமோ தெரியாது. கூப்பிடவில்லை. கைபேசி அடித்தது. ஆரணி. "வந்திட்டுதே அம்மா?" "வந்திட்டுது." "என்ன செய்யுது?" "படுத்திருக்கு." "காருக்குள்ளயோ?" "இல்லை. நிலத்தில." "நீங்கள்?" "நானும்தான்." "மழை பெய்யுதே?" "தூறுது." "அம்மா, எழும்பிக் காருக்குள்ள போங்கோ. தூக்கிக்கொண்டு போங்கோ. காய்ச்சல் வரப்போகுது." "அது எழும்பேக்கை எழும்புவன்." "அது எழும்பாட்டி?" நாய் ஒரு கண்ணைத் திறந்து, என்னையல்ல, எனக்கும் அதற்கும் இடையில் கிடந்த கயிற்றைப் பார்த்தது. "ஆரணி" என்றேன். "வீமன் சித்தப்பா வீட்டை போகேல்லை." என்ன, யார், எந்த வீமன் என்று அவள் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கதிரையொன்றை இழுத்துப் போட்டு இருக்கிற சத்தம் அந்தப் பக்கத்தில் கேட்டது. "சொல்லுங்கோ" என்றாள். மழைக்குள் இருந்து, தமிழில், சொல்லத் தொடங்கினேன்.